ஸ்கோர்போர்டு சொல்லாத ஆட்டம்: கால்பந்துப் பகுப்பாய்வு குறித்து வாசகர் கேள்விகள்

தொழில்முறை கால்பந்து அணிகளில் ஆட்டப் பகுப்பாய்வாளர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் தெளிவாகக் கேட்டவரின் கடிதத்தை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா தோற்ற ஆட்டத்தைப் பார்த்தவன் நான். பந்து அவர்களிடம்தான் அதிகம் இருந்தது, கோலை நோக்கி அடித்ததும் அவர்கள்தான் அதிகம், இருந்தும் 2-1 எனத் தோற்றார்கள். அப்படியிருக்க, இந்தப் புள்ளிவிவரங்களால் யாருக்கு என்ன பயன்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: லுசைல் அரங்கில் அவ்வாண்டு நவம்பர் 22 அன்று நடந்த அந்த ஆட்டத்தைப் பகுப்பாய்வாளர் ஒருவர் மறுநாள் காலை எப்படிப் பார்ப்பார் என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவர் முதலில் செய்வது, 90 நிமிடத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்காமல், ஆட்டத்தின் போக்கு எங்கெங்கே மாறியதோ அங்கங்கே வெட்டித் தனித்தனியாக வைப்பது. அன்று நடந்தவை உண்மையில் மூன்று ஆட்டங்கள்: இடைவேளை வரையிலான ஒன்று, 48-வது நிமிடத்தில் அல்-ஷெஹ்ரியும் 53-வது நிமிடத்தில் அல்-தவ்சரியும் கோல் அடித்து முடித்த ஐந்து நிமிட ஆட்டம் ஒன்று, அதன்பிறகு முன்னிலையைக் காக்க சவுதி அணி பின்வாங்கி நின்ற நீண்ட ஆட்டம் ஒன்று. மூன்றிலும் சேர்த்து எடுத்த சராசரி, மூன்றில் எதையும் விளக்காது.

முதல் பாதியைப் பாருங்கள். 10-வது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்தார். அதன்பின் பந்து மேலும் மூன்று முறை சவுதி வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு (பாஸ் புறப்படும் நொடியில் எதிரணியின் பின்கள வரிசையைத் தாண்டி நிற்பது) என்று தள்ளப்பட்டன. ஆட்டம் முழுவதிலும் அர்ஜென்டினா வீரர்கள் பத்து முறை ஆஃப்சைடில் சிக்கினார்கள். இதை ரசிகர் ‘துரதிர்ஷ்டம்’ என்பார். பகுப்பாய்வாளரோ, இது எதிரணி விரித்த வலையா, வெறும் தற்செயலா என்று கேட்பார். சவுதி பயிற்சியாளர் எர்வே ரெனார் தம் பின்கள வரிசையை மையக்கோட்டுக்கு மிக அருகே ஏற்றி நிறுத்தியிருந்தார்; அதனால் பின்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடையே மெஸ்ஸி வழக்கமாக வந்து நின்று பந்தை வாங்கும் இடம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மீதமிருந்த ஒரே வெளி, பின்கள வரிசைக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இருந்தது. அங்கே ஓடத்தான் வேண்டும் என்று எதிரணியைக் கட்டாயப்படுத்திவிட்டு, ஓடுபவரை ஆஃப்சைடில் பிடிப்பது என்ற திட்டம் வேலை செய்தது. ஆனால் லௌதாரோ மார்டினெஸின் கோல்களில் ஒன்று, தோளளவு வித்தியாசத்தில்தான் மறுக்கப்பட்டது என்பதையும் அதே அறிக்கையில் எழுதியாக வேண்டும். திட்டம் சவுதியினுடையது, அந்தத் தோளளவு அவர்களுடையது அல்ல.

அடுத்ததாக, சவுதி அணி அன்று மொத்தம் அடித்த ஷாட்டுகள் மூன்று. அவற்றில் இரண்டு கோலாயின. எந்த அணியாலும் வாராவாரம் இதைச் செய்ய முடியாது. அதே சமயம், பின்தங்கிய பிறகு கிடைத்த ஏறத்தாழ 40 நிமிடங்களில், அதுவரை 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த ஓர் அணியால், குறுகி நின்ற எதிரணியைப் பிளக்க முடியவில்லை என்பது தற்செயல் அல்ல, கவனிக்க வேண்டிய குறை. என்னிடம் அறிக்கை கேட்டிருந்தால், ‘தோல்விக்காகக் கலங்க வேண்டாம், நடுக்களத்தைப் பற்றிக் கலங்குங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன். அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி என்ன நினைத்தாரோ, மெக்சிகோவுடனான அடுத்த ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றினார். போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்திலிருந்து என்ஸோ ஃபெர்னாண்டஸும் ஹூலியன் அல்வாரெஸும் தொடக்கத்திலேயே இறங்கினார்கள். டிசம்பர் 18 அன்று கோப்பை யாரிடம் போனது என்பது தெரிந்ததே. சவுதி அணி அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுப் பிரிவின் கடைசி இடத்தில் முடித்தது. நீங்கள் குறிப்பிட்ட எண்கள் அன்றைய முடிவைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதன்பின் வந்த நான்கு வாரங்களைப் பற்றி, அந்த முடிவைவிட அவை அதிகம் சொல்லியிருந்தன.

கேள்வி: ‘பந்தாதிக்கம் 70 சதவீதம்’ என்று திரையில் காட்டினாலே அந்த அணி நன்றாக ஆடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, மதுரை

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 டிசம்பர் 1 அன்று ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது, ஆப்டா என்ற விளையாட்டுத் தரவு நிறுவனத்தின் கணக்குப்படி ஜப்பானிடம் பந்து இருந்தது 17.7 சதவீதம் மட்டுமே. ஐந்து நாள் கழித்து மொராக்கோவுக்கு எதிராக அதே ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களைக் கொடுத்தும் 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல், பெனால்டி ஷூட்அவுட்டிலும் ஒன்றைக்கூடப் போடாமல் வெளியேறியது. 2018-ல் ரஷ்யாவுக்கு எதிராகவும் பந்தை அதிகம் வைத்திருந்துவிட்டு ஷூட்அவுட்டில்தான் வெளியேறியது.

ஆனால் இங்கிருந்து எதிர்த்திசையில் ஓடி, பந்தை வைத்திருப்பதே வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். பெரும்பாலும் இரு அணிகளும் கொடுத்த பாஸ்களின் பங்கை வைத்தே இது கணக்கிடப்படுகிறது; தங்கள் பாதியிலேயே இரு பின்கள வீரர்கள் மாறி மாறித் தட்டிக்கொள்வதும், எதிரணிக் கோலுக்கு முன்னுள்ள பெட்டியின் விளிம்பில் கொடுக்கப்படும் பாஸும் அதில் ஒரே மதிப்பு பெறும். கத்தார் போட்டியில் ஃபிஃபாவே, யாரிடமும் இல்லாமல் பந்துக்காகப் போராடிய நேரத்தை மூன்றாவது பிரிவாகத் தனியே காட்டத் தொடங்கியதால், ஒரே ஆட்டத்துக்கு இரு இடங்களில் இரு வேறு எண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டுமே பிழை அல்ல, அளவுகோல்தான் வேறு.

பகுப்பாய்வாளர் உடனே கேட்கும் அடுத்த கேள்வி, அந்த எண் சேர்ந்தபோது ஸ்கோர் என்ன என்பது. முன்னிலையில் உள்ள அணி பந்தை விட்டுக்கொடுக்கும், பின்தங்கிய அணி பந்தைக் கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். ஜப்பான் 48, 51 ஆகிய நிமிடங்களில் கோல் அடித்த பிறகு, பந்தைப் பெற வேண்டிய தேவை ஸ்பெயினுக்கே அன்றி ஜப்பானுக்கு இல்லை. இதற்கு எல்லை கடந்த எடுத்துக்காட்டு 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்டேயில் நடந்த அரையிறுதி. ஜெர்மனி 7, பிரேசில் 1. அந்த ஆட்டத்தில் அதிக ஷாட்டுகள் அடித்தது பிரேசில்தான்: 18-க்கு 14. பந்தைப் பாதி நேரத்துக்கும் சற்று அதிகமாக வைத்திருந்ததும் அவர்களே. 29-வது நிமிடத்திலேயே 5-0 ஆகிவிட்டது என்ற ஒரு தகவலைச் சேர்த்துப் படித்தால், மீதி எண்கள் எல்லாம் தோற்றுவிட்ட அணி மானத்துக்காக ஓடிய ஓட்டத்தின் பதிவு என்பது விளங்கும். 23-வது நிமிடத்திலிருந்து 29 வரை விழுந்த நான்கு கோல்களில் பிரேசில் நடுக்களம் பந்தை எங்கே இழந்தது, இழந்த நொடியில் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் பார்க்க ஏழு நிமிடக் காட்சி போதும். அந்த ஏழு நிமிடம்தான் அறிக்கையின் பெரும்பகுதியை நிரப்பும்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ‘ஹீட் மேப்’ காட்டுகிறார்களே, அதில் என்ன பார்க்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நாம் பார்க்கும் பெரும்பாலான ஹீட் மேப்புகள், அந்த வீரர் பந்தைத் தொட்ட இடங்களின் படம் மட்டுமே. பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. 55 நிமிடம் என்று வைத்து 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை நிமிடம் வரும், அதிலும் பந்து காற்றிலும் தரையிலும் பயணிக்கும் நேரம் அடக்கம். மீதி 87 நிமிடம் அவர் என்ன செய்தார் என்பதற்கு அந்தப் படத்தில் விடை இல்லை. அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

கேள்வி: ‘எக்ஸ்ஜி’ (xG, எதிர்பார்க்கப்படும் கோல்) என்பதை எளிமையாக விளக்க முடியுமா? ஓர் அணி 1.8 கோல் அடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். பின்னம் கோல் என்று ஒன்று உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கோலில் பின்னம் இல்லை, வாய்ப்பில் உண்டு. ஒரு ஷாட் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எப்படி வந்த பாஸிலிருந்து அடிக்கப்பட்டது என்பவற்றைப் பார்த்து, முன்பு அதே வகையில் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்டுகளில் எத்தனை கோலாயின என்ற விகிதத்தை அதன் மதிப்பாக வைக்கிறார்கள். பெனால்டிக்கு அந்த மதிப்பு நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். பெட்டிக்கு வெகு தொலைவிலிருந்து அடிப்பதற்கு நூற்றில் இரண்டோ மூன்றோ. ஆட்டத்தின் எல்லா ஷாட்டுகளின் மதிப்பையும் கூட்டினால் கிடைப்பதுதான் உங்கள் 1.8.

கணக்கு ஆசிரியராக இருந்திருப்பீர்களோ என்ற ஐயத்தில் ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். ஓர் அணிக்கு 0.1 மதிப்புள்ள பத்து ஷாட்டுகள் கிடைத்தன. மற்றோர் அணிக்கு 0.5 மதிப்புள்ள இரண்டே ஷாட்டுகள். கூட்டுத்தொகை இரண்டுக்கும் 1.0. ஆனால் முதல் அணி ஒரு கோலும் அடிக்காமல் போகும் வாய்ப்பு, 0.9-ஐப் பத்து முறை பெருக்கிப் பார்த்தால், நூற்றுக்கு 35. இரண்டாவது அணிக்கோ நூற்றுக்கு 25 மட்டுமே. திரையில் இரு அணிகளுக்கும் ‘1.0’ என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கூட்டுத்தொகையைப் பார்ப்பதோடு நில்லாமல் அது எத்தனை துண்டுகளால் ஆனது என்றும் பார்க்கும் பழக்கம் பகுப்பாய்வாளருக்கு உண்டு.

ஓர் ஆட்டத்துக்கு இந்த அளவுகோல் அவ்வளவாகப் பொருந்தாது; வெகு சில ஷாட்டுகளில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது. பத்து, இருபது ஆட்டங்கள் சேரும்போதுதான் அது பேசத் தொடங்கும். 2014-15 பருவத்தில் யூர்கன் க்ளோப்பின் டார்ட்மண்ட் அணி பாதி வழியில் ஜெர்மன் லீக்கின் 18 அணிகளில் 17-வது இடத்தில் கிடந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இரு முறை சாம்பியன், இரு முறை இரண்டாமிடம் என்று இருந்த அணி அது. க்ளோப்பின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயற்பியலாளர் இயன் கிரஹாம் அந்தப் பருவத்து ஆட்டங்களைத் தம் கணக்கீட்டில் போட்டுப் பார்த்தபோது, அணி உருவாக்கிய வாய்ப்புகளும் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த வாய்ப்புகளும் முன்னணி அணி ஒன்றுக்கு உரியவையாகவே இருந்தன. கோல்கள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. டார்ட்மண்ட் இறுதியில் 7-வது இடத்துக்கு ஏறியது. 2015 அக்டோபரில் க்ளோப் லிவர்பூலுக்கு வந்தார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் இங்கிலாந்து லீக் பட்டம்.

இங்கிலாந்து லீக்கின் பிரைட்டன் அணியின் கதையும் இதே இனம். 2020-21-ல் கிரஹாம் பாட்டரின் அணி நல்ல வாய்ப்புகளை உண்டாக்கி, உண்டாக்கி, தவறவிட்டு, 41 புள்ளிகளோடு 16-வது இடத்தில் முடித்தது. பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தபோதும் கிளப் அசையவில்லை. அடுத்த ஆண்டு 51 புள்ளிகள், 9-வது இடம். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்ஜி ஷாட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. கோல் வாயில் குறுக்கே உருண்ட பந்தை ஓர் அடி தவறவிட்டால் அது ஷாட்டே அல்ல, ஆகவே மதிப்பும் இல்லை. அந்த இடத்தை யாராவது காட்சியில் பார்த்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கணினிக் காலத்துக்கு முன் இப்படி யாராவது கணக்கெடுத்தது உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, அந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது, ஏனென்றால் அதில் உழைப்பு எவ்வளவு பெரியதோ, பிழையும் அவ்வளவு பெரியது. பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீப், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன், பிரிஸ்டல் ரோவர்ஸ் அணிகள் மோதிய ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், சட்டைப் பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்துத் தாமே உருவாக்கிய குறியீடுகளில் ஒவ்வொரு நகர்வையும் எழுதத் தொடங்கினார். பிறகு பல்லாண்டுகள் நிறுத்தவில்லை. பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து 1968-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான்: பத்துக் கோல்களில் எட்டு, மூன்றோ அதற்குக் குறைவோ ஆன பாஸ்களைக் கொண்ட நகர்வுகளிலிருந்து வருகின்றன. ஆகவே பந்தைத் தட்டிக்கொண்டிருக்காமல் நேரே முன்னால் தூக்கி அடியுங்கள் என்றார். இங்கிலாந்தில் நீண்ட பாஸ் ஆட்டத்தை நம்பியவர்களுக்குப் பல காலம் இது வேதவாக்காக இருந்தது. ஆனால் அவருடைய அட்டவணையிலேயே மறுப்பும் இருக்கிறது. கால்பந்தில் நடக்கும் எல்லா நகர்வுகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் மூன்று பாஸுக்குள் அறுந்துபோகின்றன. நூறு நகர்வில் தொண்ணூற்றுக்கு மேல் குறுகியவை என்றால், கோல்களிலும் தொண்ணூற்றுக்கு மேல் அவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும், வந்ததோ எண்பதுதான். அதாவது, எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நீண்ட நகர்வுகள் கோல்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகின்றன. ரீப் எழுதிய எண்கள் சரி. கடையில் அதிகம் விற்கும் மிட்டாயே அதிகம் இனிக்கிறது என்பது போல அவற்றைப் படித்ததுதான் தவறு. இன்றைக்கும் தொலைக்காட்சி விவாதங்களில் ‘இந்த அணியின் கோல்களில் பாதி வலப்பக்கத்திலிருந்து’ என்று யாராவது சொன்னால், அவர்களுடைய தாக்குதல்களில் எத்தனை பங்கு வலப்பக்கத்தில் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

அந்நாளில் கணினியையே கொண்டுவந்தவர்களும் உண்டு. 1970-களில் டைனமோ கீவ் அணியில் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, அறிவியலாளர் அனத்தோலி ஸெலென்ட்ஸோவுடன் சேர்ந்து, வீரர்களின் ஓட்டத்தையும் பிழைகளையும் எண்ணாக்கித் திட்டமிட்டார். 1975-லும் 1986-லும் அந்த அணி ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்றது.

கேள்வி: கோல் விழுந்ததும் பக்கத்தில் நின்ற டிஃபெண்டரைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். பகுப்பாய்வாளர்களும் அப்படித்தான் பார்ப்பார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல பகுப்பாய்வாளர் காட்சியைப் பின்னோக்கி ஓட்டுவார். பந்து வலைக்குள் போன நொடியிலிருந்து தொடங்கி, பாஸ் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து, எந்த இடத்தில் தற்காக்கும் அணிக்கு நல்ல தேர்வு என்று ஒன்றுமே மிஞ்சாமல் போயிற்றோ அங்கே நிறுத்துவார். பெரும்பாலும் அந்த இடம், நாம் திட்டும் ஆளிடமிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது; பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் கண்ட முதல் தோல்வி அது. ஹங்கேரியின் 9-ஆம் எண் சட்டை அணிந்த நாண்டோர் ஹிடெக்குட்டி, அந்த எண்ணுக்குரிய மைய முன்கள வீரராக முன்னே நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி விளையாடினார். அவரைத் தடுக்க வேண்டிய இங்கிலாந்துப் பின்கள வீரர் ஹாரி ஜான்ஸ்டன் என்ன செய்வார்? பின்தொடர்ந்து போனால், விட்டுவந்த இடத்தில் புஷ்காஷும் கோச்சிஸும் புகுந்துகொள்வார்கள். தம் இடத்திலேயே நின்றால், ஹிடெக்குட்டி யாருடைய தொல்லையும் இல்லாமல் திரும்பி நின்று ஆட்டத்தை நடத்துவார். ஹிடெக்குட்டி அன்று மூன்று கோல் அடித்தார். ஜான்ஸ்டன் எதைத் தேர்ந்தாலும் அது பிழையாகவே முடிந்திருக்கும். பிழை அவரைச் சுற்றி நடுக்களத்தை அமைத்த விதத்தில் இருந்தது, அவரிடம் இல்லை.

ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 2009 மே 2 அன்று, பெர்னபேயு அரங்கில் இதே புதிரைப் பார்சிலோனா பயிற்சியாளர் பெப் குவார்டியோலா ரியல் மாட்ரிட்டின் முன் வைத்தார். வலப்பக்கத்தில் ஆடிவந்த மெஸ்ஸியை நடுவே கொண்டுவந்து, முன்கள வீரர் நிற்கும் இடத்திலிருந்து சற்றே கீழிறக்கினார். மாட்ரிட்டின் மையப் பின்கள வீரர்கள் கன்னவாரோவும் மெட்ஸெல்டரும் தாம் தடுக்க வேண்டிய ஆள் முன்னால் இல்லாமல், முன்னேறிச் செல்லவும் துணியாமல் நின்றார்கள். நடுக்களத்தில் பார்சிலோனாவுக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதலாகவே இருந்தார். 6-2. அன்று அந்த இருவரும் எத்தனை முறை பந்தைப் பறித்தார்கள் என்ற எண்ணை வைத்து அவர்களை எடைபோட்டால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் பறிப்பதற்குப் பந்து அவர்கள் அருகே வரவே இல்லை. தற்காப்பை எண்ணால் அளப்பது கடினம் என்பதும் இதனால்தான். சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்பவருக்குப் பந்தைப் பறிக்கும் தேவையே எழாது. பாஸ் கொடுக்க நினைத்தவர் அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். கொடுக்கப்படாத பாஸை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை.

கேள்வி: ஒரு கிளப்பில் பகுப்பாய்வாளரின் அன்றாட வேலை எப்படி இருக்கும்? இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன்.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கண் வலிக்கும் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில், டெர்பி கவுண்டி அணியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா மீது எழுந்தபோது, அவர் செய்தியாளர்களைக் கூட்டித் தம் குழுவின் கோப்புகளையே திரையில் திறந்து காட்டினார். டெர்பி முந்தைய பருவத்தில் ஆடிய 51 ஆட்டங்களையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் என்றால், ஒரே எதிரணிக்கு 200 மணி நேரத்துக்கு மேல். லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது வேறு விஷயம்.

கையில் கிடைக்கும் தரவு இரு வகை. ஒன்று, பாஸ், ஷாட், பறிப்பு என்று பந்தோடு நடப்பவற்றை நேரத்தோடும் இடத்தோடும் குறித்த பதிவு. ஓர் ஆட்டத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வரிகள் வரும். மற்றொன்று, அரங்கைச் சுற்றியுள்ள கேமராக்கள் எல்லா வீரர்களின் இருப்பிடத்தையும் நொடிக்கு 25 முறை எடுக்கும் பதிவு. 90 நிமிடத்துக்கு 22 வீரர்கள் என்று பெருக்கினால் ஏறத்தாழ 30 லட்சம் புள்ளிகள். பந்தில்லாத 87 நிமிடத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்கு விடை இருப்பது இங்கேதான்: பந்தை இழந்த நொடியில் அணி எவ்வளவு விரிந்து கிடந்தது, ஒரு பாஸ் எத்தனை எதிரணி வீரர்களைக் கடந்தது என்பதெல்லாம் இதிலிருந்துதான் தெரியும்.

ஆனால் எண்களைக் கொண்டு நேரே தீர்ப்புச் சொல்வதில்லை. பந்து நம்மிடம் இருக்கும்போது, எதிரணியிடம் இருக்கும்போது, இழந்த நொடி, மீட்ட நொடி என்று ஆட்டத்தை நான்காகப் பிரித்து, கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘நாம் செய்ய நினைத்தது என்ன, நடந்தது என்ன’ என்று பயிற்சியாளரின் திட்டத்தோடு ஒப்பிடுவார்கள். பயிற்சியாளர் எதிரணியை வேண்டுமென்றே பக்கவாட்டில் ஓடவிட்டு நடுவைக் காக்கச் சொல்லியிருந்தால், எதிரணி முப்பது கிராஸ் (பக்கவாட்டிலிருந்து பெட்டிக்குள் அடிக்கும் பந்து) போட்டது என்பது திட்டம் பலித்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். திட்டம் தெரியாத வெளியாள் அதையே தோல்வி என்று எழுதுவார், நானும் எழுதியிருக்கிறேன். கடைசியில் இந்த மலையிலிருந்து வீரர்களிடம் போய்ச் சேருவது சில நிமிடக் காட்சித் துண்டுகள்தான். 2018-லிருந்து விதிகள் அனுமதிப்பதால், மேல்தளத்தில் அமர்ந்திருக்கும் பகுப்பாய்வாளர் ஆட்டம் நடக்கும்போதே பயிற்சியாளரின் கையிலுள்ள டேப்லெட்டுக்குக் காட்சியை அனுப்பவும் முடிகிறது.

நீங்கள் பழக விரும்பினால், தொலைக்காட்சி ஒளிபரப்பின் கேமரா பந்தையே துரத்தும் என்பதால், முடிந்தால் மைதானத்தின் உயரமான இருக்கையிலிருந்து உள்ளூர் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். முதல் பதினைந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஓர் அணியின் நால்வர் பின்கள வரிசையை மட்டும் பார்த்து, அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, யார் பிந்துகிறார் என்று எழுதிப் பழகுங்கள். கோலைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை.

கேள்வி: இவ்வளவு ஆராய்ந்து கொடுக்கும் குறிப்பு, ஆட்டக்காரருக்கு அந்த நொடியில் உண்மையிலேயே உதவுமா?
— வாசகர், சென்னை

பதில்: 2006 ஜூன் 30, பெர்லின். ஜெர்மனி, அர்ஜென்டினா காலிறுதி 1-1 என்று முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போனது. ஜெர்மனியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆண்ட்ரெயாஸ் கோப்கே, அர்ஜென்டினா வீரர்கள் ஏழு பேர் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று விடுதித் தாள் ஒன்றில் பென்சிலால் எழுதிக் கோல்கீப்பர் யென்ஸ் லேமனிடம் கொடுத்திருந்தார். லேமன் அதைக் காலுறைக்குள் செருகிவைத்து, ஒவ்வோர் உதைக்கும் முன் எடுத்துப் பார்த்தார். அந்த ஏழு பேரில் உண்மையில் உதைக்க வந்தவர்கள் இருவர்தான்: அயாலாவும் மாக்ஸி ரொட்ரிகெஸும். அயாலாவின் உதையை லேமன் தடுத்தார். நான்காவதாக வந்த கம்பியாஸோ, லேமன் தாளை எடுத்து நிதானமாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று, பின் உதைத்தார். அதையும் லேமன் தடுத்தார், ஜெர்மனி 4-2 என்று வென்றது. கம்பியாஸோவின் பெயர் அந்தத் தாளில் இல்லை.